மலை இறங்குற வண்டியும் ஸ்டீராய்டு மாத்திரையும்

"ஸ்டீராய்டு"ங்கிற வார்த்தை காதுல விழுந்ததும் நம்ம ஊர்ல ஆளுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுவாங்க. ஒரு கட்சி, "அய்யய்யோ, அது விஷமாச்சே, இன்னைக்கே நிறுத்து"ன்னு கத்தும். இன்னொரு கட்சி நேரா மெடிக்கலுக்குப் போய், "அண்ணே, போன தடவை குடுத்தீங்களே, அந்த சின்ன வெள்ளை மாத்திரை, அதுல பத்து குடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்துடும். அது ஸ்டீராய்டுன்னே அதுக்குத் தெரியாது. வேடிக்கை என்னன்னா, பல வீட்டுல இந்த ரெண்டு கட்சியும் ஒரே ஆள்தான்.

நான் மூணாவது கட்சி. கட்சியில இப்போதைக்கு நானும் எங்கம்மாவும் மட்டும்தான் உறுப்பினர்கள் :-). கொள்கை ரொம்ப சிம்பிள். தேவைப்படுற இடத்துல ஸ்டீராய்டு ஒரு அருமையான மருந்து. அதை ஆரம்பிக்கிறது சுலபம், இறக்கறதுதான் வைத்தியம். இறக்கும்போது நடுவுல வலி திரும்பி வந்தா அது நோயாளியோட குத்தமும் இல்ல, டாக்டரோட தோல்வியும் இல்ல. இதைத்தான் இந்தப் பதிவுல கொஞ்சம் விலாவாரியா சொல்லப் போறேன். நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

எங்கம்மாவுக்கு வயசு எழுபதைத் தாண்டிடுச்சு. திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் வீடு. ஒரு நாள் காலையில எந்திரிச்சா ரெண்டு தோள்பட்டையும் தூக்க முடியல. அடுத்த வாரம் இடுப்பும் தொடையும் சேர்ந்துக்கிச்சு. கட்டில்ல புரண்டு படுக்க அப்பா கை குடுக்கணும். கையைத் தலைக்கு மேல கொண்டு போய் கொண்டை போட முடியல. காலையில ரெண்டு மணி நேரம் மரக்கட்டை மாதிரி இருக்கும், மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் இளகும். சாயங்காலம் பார்க்கிறவங்க, "நல்லாத்தானே நடமாடுறீங்க"ன்னு கேட்டுட்டுப் போவாங்க. பசி இல்ல, எடை குறைஞ்சுது.

முதல்ல போன இடத்துல, "வயசாச்சும்மா, தேய்மானம்"னு சொல்லி வலி மாத்திரையும் தைலமும் குடுத்தாங்க. ரெண்டாவது இடத்துல கழுத்து எலும்புன்னு சொல்லி பட்டை போட்டு விட்டாங்க. நாலு மாசம் இப்படியே போச்சு. அப்புறம் மதுரையில ஒரு மூட்டு வாத நோய் டாக்டர்தான், ரெண்டு தோளும் ரெண்டு இடுப்பும் ஒண்ணா பிடிச்சிருக்கு, காலை விறைப்பு முக்கால் மணிக்கு மேல இருக்கு, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரெண்டும் எகிறியிருக்குன்னு பார்த்துட்டு, வேற நோய் எதுவும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டு, ஒரு பேரைச் சொன்னார். பாலிமயால்ஜியா ருமாட்டிகா. (வீட்டுக்கு வர்றதுக்குள்ள அம்மா அதை "பாலிமர் வாதம்" ஆக்கிட்டாங்க.)

இது என்ன வாதம்?

பேருக்கு அர்த்தம் பல தசைகள்ல வலி. ஆனா உண்மையில தசை கெட்டுப் போறதில்ல. தோள், இடுப்பு மூட்டைச் சுத்தியிருக்கிற சவ்வுலயும், மெத்தை மாதிரி இருக்கிற சின்னச் சின்ன நீர்ப்பைகள்லயும்தான் அழற்சி. ஐம்பது வயசுக்குக் கீழ இது வராதுன்னே சொல்லலாம். எழுபதுகள்ல இருக்கிறவங்களுக்குத்தான் அதிகம். ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு கூட வருது. 1888-ல ஸ்காட்லாந்துல வில்லியம் புரூஸ்ங்கிற டாக்டர் அஞ்சு நோயாளிகளைப் பத்தி எழுதினதுதான் முதல் பதிவு. இப்ப இருக்கிற பேரை 1957-ல பார்பர்ங்கிற டாக்டர் வச்சார். ஸ்வீடன், நார்வே மாதிரி வடக்கு ஐரோப்பிய நாடுகள்லதான் இது நிறைய. இந்தியாவுல குறைவாத்தான் பதிவாகியிருக்கு. குறைவுன்னா இல்லவே இல்லைன்னு அர்த்தம் கிடையாது. எழுபது வயசு அம்மா "தோளு தூக்க முடியல"ன்னு சொன்னா "தேய்மானம்"னு ஒரே வார்த்தையில முடிச்சு அனுப்புற ஊர்ல எத்தனை பேருக்கு இது பேர் தெரியாமலே கிடக்குதோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இதுக்கு முதல் மருந்து பிரெட்னிசலோன், அதாவது ஸ்டீராய்டு. அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு வாத மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து 2015-ல வெளியிட்ட வழிகாட்டியில, ஒரு நாளைக்கு 12.5-ல இருந்து 25 மில்லிகிராம் வரைக்கும் ஆரம்பிக்கலாம்னு இருக்கு. அம்மாவுக்கு 15 ஆரம்பிச்சாங்க. மூணாவது நாள் காலையில தானே கொண்டை போட்டுக்கிட்டு வாசல்ல உட்கார்ந்து பூ கட்டிட்டு இருந்தாங்க. நிலக்கோட்டை மல்லி. நாலு மாசமா கையைத் தூக்க முடியாத ஆளு. பார்த்துட்டு அப்பா ஒண்ணுமே பேசல, உள்ள போயிட்டார்.

இந்த அதிசயம் புதுசு இல்ல. 1948 செப்டம்பர்ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல பிலிப் ஹென்ச்ங்கிற டாக்டர், முடக்கு வாதத்துல கிடந்த 29 வயசுப் பொண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். ஒரு வாரத்துல அந்தப் பொண்ணு எழுந்து கடைத்தெருவுக்குப் போய் வந்துச்சு. 1950-லயே ஹென்ச்சுக்கும், கெண்டல், ரைக்ஸ்டைன் ரெண்டு பேருக்கும் சேர்த்து நோபல் பரிசு. அப்புறம்தான் மருந்தோட இன்னொரு முகம் தெரிய ஆரம்பிச்சுது. முகம் உப்புது, சர்க்கரை ஏறுது, எலும்பு தேயுது, கண்ணுல புரை விழுது, நிறுத்தினா நோய் திரும்புது. ஆக, இந்த மருந்தைப் பத்தின புகழும் உண்மை, பயமும் உண்மை. ஒண்ணை மட்டும் நம்புறவங்கதான் மாட்டிக்கிறாங்க.

இறக்கம்தான் ஆபத்து

சிறுமலைக்குப் போயிருக்கீங்களா? திண்டுக்கல்ல இருந்து 18 கொண்டை ஊசி வளைவு. மலை ஏறும்போது வண்டி முக்கும், திணறும், ஆனா பயம் இருக்காது. இறங்கும்போதுதான் டிரைவருக்கு வேலை. அனுபவம் இல்லாத ஆளு நியூட்ரல்ல போட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவான். தெரிஞ்ச டிரைவர் ஏறின அதே கியர்ல மெதுவா உருட்டிக்கிட்டு வருவார். பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் கண்டுக்க மாட்டார்.

ஸ்டீராய்டு குறைக்கிறதும் அதேதான். 2015 வழிகாட்டி சொல்ற கணக்கு இது: முதல் 4-ல இருந்து 8 வாரத்துக்குள்ள 10 மில்லிகிராமுக்கு வரணும். அதுக்கப்புறம் நாலு வாரத்துக்கு ஒரு மில்லிகிராம் வீதம் குறைக்கணும். 1 மில்லிகிராம் மாத்திரை எங்க பக்கத்துக் கடைகள்ல சுலபமா கிடைக்கல. அதுக்கும் அந்த வழிகாட்டியிலயே ஒரு வழி இருக்கு: 1.25 வீதம் இறங்கலாம். ஒரு நாள் 10, மறுநாள் 7.5-ன்னு மாத்தி மாத்திப் போட்டா சராசரி 8.75 ஆயிடும். அம்மா காலண்டர்ல ஒரு நாளுக்கு முழு வட்டம், மறுநாளுக்கு அரை வட்டம்னு பேனாவால போட்டு வச்சிருந்தாங்க. எட்டாங்கிளாஸ் படிச்சவங்க. அந்தக் காலண்டர் மாதிரி தெளிவான ஒரு மருந்துச் சீட்டை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.

கணக்குப் போட்டுப் பாருங்க. 10-ல இருந்து மாசம் ஒண்ணா இறங்கினா அதுவே பத்து மாசம். எல்லாம் ஒழுங்கா நடந்தாலே மொத்தம் ஒரு வருஷம். ஆனா எல்லாருக்கும் ஒழுங்கா நடக்கிறதில்ல. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததுல, முதல் வருஷத்துக்குள்ளயே நூத்துக்கு நாப்பது பேருக்கு மேல ஒரு தடவையாவது நோய் திரும்பியிருக்கு. அஞ்சு வருஷம் கழிச்சும் ஏறக்குறைய நாலுல ஒருத்தர் மாத்திரையிலதான் இருக்காங்க.

இந்த நம்பரை முதல் நாளே நோயாளிகிட்ட சொல்லிடணும்ங்கிறது என் கருத்து. பயமுறுத்துறதுக்காக இல்ல. சொல்லலைன்னா, வலி திரும்புற அன்னைக்கு அந்த அம்மா, "நான் என்ன தப்பு பண்ணேன், கத்திரிக்கா தின்னதாலயா, பச்சத்தண்ணியில குளிச்சதாலயா"ன்னு தன்னையே நொந்துக்கும். சொந்தக்காரங்க, "அந்த டாக்டர் சரியில்ல"ன்னு சொல்லி வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ரெண்டுமே அநியாயம்.

வலி ஒண்ணு, காரணம் மூணு

அம்மாவோட ரெண்டு வருஷ இறக்கத்துல மூணு தடவை வலி வந்துச்சு. மூணும் வேற வேற வலி. இதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரியுறதுதான் பாதி வைத்தியம்னு நான் நினைக்கிறேன்.

1) முதல் தடவை. அப்ப 7.5-ல இருந்தாங்க. ஒரு கல்யாண வீட்டுல சித்தி பார்த்துட்டு, "ஏக்கா, என்னக்கா மூஞ்சி இப்படி உப்பிப் போச்சு? ஸ்டீராய்டா? கிட்னி போயிரும்க்கா, நிப்பாட்டுக்கா"ன்னு சொல்லியிருக்காங்க. கூட நாலு பேர் தலையாட்டியிருக்காங்க. அம்மா யாருகிட்டயும் சொல்லாம மறுநாள்ல இருந்து 2.5 ஆக்கிட்டாங்க. ரெண்டே வாரம். ரெண்டு தோளும் ரெண்டு தொடையும் பழையபடி பூட்டிக்கிச்சு. திண்டுக்கல் பூட்டு தோத்தது போங்க. காலையில விறைப்பு, சி.ஆர்.பி. ஏத்தம். இதுதான் நிஜமான நோய்த் திரும்பல். டாக்டர் திட்டல. வலி இல்லாம இருந்த கடைசி அளவான 7.5-க்குத் திரும்பப் போகச் சொன்னார். அங்க நிலைச்சு நின்னதும் மறுபடி மெதுவா இறங்கச் சொன்னார். முதல் படியான 15-க்குப் போகச் சொல்லல, கவனிங்க. நோய் திரும்பினா மறுபடி மலை உச்சிக்கே போகணும்னு இல்ல, ஒரு வளைவு மேல ஏறினாப் போதும். வழிகாட்டியும் அதைத்தான் சொல்லுது.

2) ரெண்டாவது தடவை. 5-ல இருந்து அடுத்த படிக்கு இறங்கின ஒரு வாரத்துல உடம்பெல்லாம் அசதி, அடிச்சுப் போட்ட மாதிரி வலி, எதுலயும் பிடிப்பு இல்ல. எல்லாரும் "திரும்பிடுச்சு"ன்னுதான் நினைச்சோம். ஆனா காலை விறைப்பு இல்ல, தோளைத் தூக்க முடியுது, ரத்தப் பரிசோதனையும் நார்மல். டாக்டர், "இது நோய் இல்லைம்மா, உடம்பு மாத்திரையைத் தேடுது. இதே அளவுல நில்லுங்க, இறங்கவும் வேண்டாம் ஏறவும் வேண்டாம்"னார். மூணு வாரத்துல சரியாப் போச்சு. அன்னைக்கு அவசரப்பட்டு 10-க்கு ஏத்தியிருந்தா தேவையே இல்லாம ஆறு மாச இறக்கம் வீணாகியிருக்கும்.

3) மூணாவது தடவை. வலது தோள் மட்டும். கையைப் பக்கவாட்டுல தூக்கும்போது மட்டும். விசாரிச்சா, குழாயில தண்ணி வர்ற நாள்ல ரெண்டு ரெண்டு குடமா தூக்கியிருக்காங்க. அது தோள்ல இருக்கிற நாரோட பிரச்னை. அதுக்கு ஸ்டீராய்டு மாத்திரையைக் கூட்டுறது கொசுவுக்குக் கோடாலி எடுக்கிற கதை. கைப்பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க, குடத்தை நான் தூக்கணும்னு எனக்கும் சேர்த்தே சொன்னாங்க :-)

வெளியில இருந்து பார்த்தா மூணுமே "தோள் வலி"தான். ஒண்ணுக்கு ஏத்தணும், ஒண்ணுக்கு அப்படியே நிக்கணும், ஒண்ணுக்கு மாத்திரையே சம்பந்தமில்ல. இதை மெடிக்கல் கடைக் கவுண்டர்ல நின்னு முடிவு பண்ண முடியுமா சொல்லுங்க?

ஏன் திடீர்னு நிறுத்தக் கூடாது

"திடீர்னு நிறுத்தாதே"ன்னு எல்லாரும் சொல்றாங்க, ஏன்னு யாரும் சொல்றதில்ல. எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். சிறுநீரகத்துக்கு மேல தொப்பி வச்ச மாதிரி அட்ரினல்னு ஒரு சுரப்பி இருக்கு. அது தினமும் கார்ட்டிசால்னு சொந்த ஸ்டீராய்டைச் சுரக்குது. பிரெட்னிசலோன் கணக்குல சொன்னா ஏறக்குறைய 5 மில்லிகிராமுக்குச் சமம். இப்ப நம்ம வீட்டுக்கு தினமும் ஓட்டல்ல இருந்து பிரியாணி பார்சல் வந்துட்டே இருந்தா வீட்டு அடுப்பை யாரு பத்த வைப்பாங்க? மாசக்கணக்குல மாத்திரை போட்டா அட்ரினல் அடுப்பும் அணைஞ்சு போயிடும். திடீர்னு பார்சலை நிறுத்தினா அன்னைக்கு வீட்டுல சோறு கிடையாது. மெல்ல மெல்லக் குறைச்சாத்தான் விறகு பொறுக்கி, ஊதி, திரும்பப் பத்த வைக்க அதுக்கு அவகாசம் கிடைக்கும். 5 மில்லிகிராமுக்குப் பக்கத்துல வரும்போது பலருக்கு இறக்கம் கஷ்டமா இருக்க இதுவும் ஒரு காரணம்.

சாதாரண நாள்ல அசதியோட போயிடும். காய்ச்சல், வாந்தி பேதி, ஆபரேஷன், விபத்துன்னு வர்ற நாள்ல உடம்புக்குக் கார்ட்டிசால் கூடுதலா தேவைப்படும். அப்ப அடுப்பும் எரியல, மாத்திரையும் நிறுத்தியாச்சுன்னா ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. "காய்ச்சலா இருக்கு, அதனால எல்லா மாத்திரையையும் நிறுத்திட்டேன்"னு சொல்ற பழக்கம் நம்ம வீடுகள்ல ரொம்ப சகஜம். ஸ்டீராய்டு எடுக்கிறவங்க விஷயத்துல அது ரொம்பத் தப்பு. காய்ச்சல் வந்தா நிறுத்தக் கூடாது, டாக்டரைக் கேட்கணும், சில சமயம் அளவைக் கூட்டச் சொல்லுவாங்க. மாத்திரை வாந்தியில வெளிய வந்துட்டே இருந்தா ஆஸ்பத்திரிக்கே போயிடணும், ஊசியா போட வேண்டியிருக்கும்.

பயப்படுறதும் நியாயம்தான்

"நீ ஸ்டீராய்டுக்கு வக்காலத்து வாங்குறியா"ன்னு கேட்கலாம். வாங்கல. பக்க விளைவு எல்லாமே நிஜம். அம்மாவுக்கே சர்க்கரை ஏறிச்சு. அதுல ஒரு நுணுக்கம் இருக்கு. காலையில போடுற பிரெட்னிசலோன் மத்தியானம், சாயங்காலம்தான் சர்க்கரையை ஏத்தும். வெறும் வயித்துல பார்த்தா நார்மலா காட்டும். "சுகர் இல்லை"ன்னு நிம்மதியா வந்துடுவோம். சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்தாத்தான் திருடன் மாட்டுவான். எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி, சிலருக்கு எலும்பை உறுதியாக்குற மாத்திரை, கண் பரிசோதனை, பி.பி., இதெல்லாம் ஸ்டீராய்டோடயே கூட வரவேண்டிய விஷயங்கள். நம்ம நாட்டுல காசநோய் உடம்புல தூங்கிட்டு இருக்கிறவங்க நிறைய. ஸ்டீராய்டு அதை எழுப்பி விடலாம். தொடர் இருமல், சாயங்காலக் காய்ச்சல்னா அலட்சியம் பண்ணக் கூடாது.

நான் கேட்கிறது வேற. இந்தப் பயம் தப்பான ஆளுங்க மேல இறங்குது. அளவு எழுதி, அட்டவணை போட்டு, ரத்தம் பார்த்து, 6.25 மில்லிகிராம் எடுக்கிற ஒரு அம்மாவை ஊரே பயமுறுத்துது. அதே ஊர்ல டெக்ஸாமெத்தசோன் 0.5 மாத்திரையைச் சீட்டு இல்லாம வாங்கி, நாளைக்கு மூணு வேளை, வருஷக்கணக்குல முழுங்குறவங்களை யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. அது ஒரு நாளைக்கு 1.5 மில்லிகிராம். கேட்கச் சின்னதாத்தான் இருக்கு. ஆனா பிரெட்னிசலோன் கணக்குல அது 10 மில்லிகிராம்! 2006-ல சிக்குன்குனியா தமிழ்நாட்டைப் போட்டு எடுத்தப்ப, மூட்டு வலிக்குன்னு இந்த மாதிரி மாத்திரையையும் ஊசியையும் பழக்கமாக்கிக்கிட்ட ஆளுங்களை எனக்குத் தெரியும். இதெல்லாம் ஷெட்யூல் எச் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. அட்டையிலயே அச்சடிச்சிருக்கும். யாரு படிக்கிறா.

அடுத்து, "மூட்டு வலிக்கு மூணே நாள்ல குணம், முழுக்க மூலிகை"ன்னு பொட்டலத்துல விற்கிற பொடி. நேர்மையா வைத்தியம் பார்க்கிற சித்த மருத்துவர்களை நான் சொல்லல. பேர், முகவரி, உள்ள என்ன இருக்குங்கிற விவரம் எதுவுமே இல்லாத பொட்டலத்தைச் சொல்றேன். இந்த மாதிரி பொடிகள்ல ஸ்டீராய்டு கலந்திருக்கிறதை இந்தியாவுலயும் வெளிநாட்டுலயும் பரிசோதனையில பல தடவை கண்டுபிடிச்சிருக்காங்க. மூணே நாள்ல குணமாகுதுன்னா அதுவே ஒரு துப்புத்தான். அம்மாவுக்கு மூணே நாள்ல குணமான மருந்து எதுன்னு மேல படிச்சீங்கல்ல? சித்தி அம்மாவை மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டு, பதிலுக்குப் பரிந்துரை பண்ணினது இந்தப் பொடியைத்தான். ஸ்டீராய்டுக்குப் பயந்து ஸ்டீராய்டுகிட்டயே போறது. என்ன ஒண்ணு, அளவு தெரியாது, இறக்கத் தெரியாது, தீர்ந்து போனா அடுத்த பொட்டலம் வர்ற வரைக்கும் அடுப்பும் எரியாது.

கொரோனா காலத்துலயும் இதே கதைதான். 2020 ஜூன்ல இங்கிலாந்துல நடந்த ரெக்கவரி ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படுற நோயாளிகள்ல டெக்ஸாமெத்தசோன் உயிர் காப்பாத்துதுன்னு காட்டுச்சு. ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்குப் பலன் இல்லைன்னும் காட்டுச்சு. ஆனா 2021 ரெண்டாவது அலையில ஸ்டீராய்டைத் தேவை இல்லாதவங்களுக்கும், தேவைக்கு மேலயும் குடுத்தது நிறைய நடந்துச்சு. கட்டுப்படாத சர்க்கரையோட இதுவும் சேர்ந்து கருப்புப் பூஞ்சை நோய்க்கு வழி விட்டுச்சு. மருந்து ஒண்ணுதான். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு.

வேற மருந்தே இல்லையா?

இருக்கு. திரும்பத் திரும்ப நோய் வர்றவங்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் சேர்த்துக் குடுக்கிறதுண்டு. (ஒரு எச்சரிக்கை: அது வாரத்துக்கு ஒரே நாள் போடுற மாத்திரை. தினமும் போட்டா உயிருக்கே வினை. எந்தக் கிழமைன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்குங்க.) 2023-ல அமெரிக்காவுல சாரிலுமாப்னு ஒரு ஊசியை இந்த நோய்க்காகவே அனுமதிச்சாங்க. அதுக்கு அடிப்படையான ஆய்வுல இறக்கும்போது நோய் திரும்பினவங்களைத்தான் சேர்த்திருந்தாங்க. 118 பேர். ஊசியோட 14 வாரத்துல ஸ்டீராய்டை இறக்கினவங்கள்ல 28 சதவீதம் பேர் வருஷ முடிவு வரைக்கும் நோய் இல்லாம நின்னாங்க. ஊசி இல்லாம 52 வாரம் மெதுவா இறக்கினவங்கள்ல வெறும் 10 சதவீதம்.

இதுல எனக்கு முக்கியமா படுறது அந்த 10 சதவீதம்தான். பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள்ல, நிபுணர்கள் கண் முன்னால, ஒரு வருஷம் பொறுமையா இறக்கியும், ஒரு தடவை நோய் திரும்பினவங்கள்ல பத்துல ஒருத்தர்தான் தங்கு தடையில்லாம கரை சேர்ந்திருக்காங்க. அப்படி இருக்கும்போது நாகல் நகர்ல ஒரு எழுபது வயசு அம்மாவுக்கு நடுவுல வலி திரும்பினா அதுக்கு அவங்க சாப்பிட்ட கத்திரிக்காயைக் குத்தம் சொல்றது என்ன நியாயம்?

என்ன செய்யலாம்?

டாக்டர்கள்: மருந்தோட பேரையும் அது ஸ்டீராய்டுங்கிறதையும் மறைக்காம சொல்லுங்க. "பயந்துடுவாங்க"ன்னு மறைச்சா, கல்யாண வீட்டுல வேற யாரோ சொல்லிப் பயமுறுத்துவாங்க. இறக்குற அட்டவணையைத் தமிழ்ல, தேதி போட்டு எழுதிக் குடுங்க. "ரெண்டு வாரம் கழிச்சுக் குறைச்சுக்கோங்க"ன்னு வாயால சொல்றது அட்டவணை ஆகாது. ஸ்டீராய்டு எடுக்கிறார்னு ஒரு சின்ன அட்டை சட்டைப் பையிலயோ சுருக்குப் பையிலயோ இருந்தா, மயங்கி விழுந்த இடத்துல அது உயிரைக் காப்பாத்தும்.

சொந்தக்காரங்க: முகம் உப்பியிருக்குன்னு சொல்லாதீங்க. அவங்க வீட்டுலயும் கண்ணாடி இருக்கு. "காலையில எந்திரிக்க முடியுதா, எந்த அளவுல இருக்கீங்க, அடுத்த பரிசோதனை எப்ப"ன்னு கேளுங்க. அதுதான் அக்கறை.

அரசாங்கம்: 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போய்க் குடுக்க முடியும்னு காட்டிடுச்சு. 2022 ஜனவரியில திண்டுக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தாச்சு. அதே கணக்குல, நீண்ட நாள் ஸ்டீராய்டுல இருக்கிறவங்க பட்டியல் ஒண்ணு வச்சு, சாப்பாட்டுக்கு அப்புறம் சுகர், பி.பி., அட்டவணைப்படி இறங்குறாங்களான்னு பார்க்கிறது பெரிய செலவு பிடிக்கிற வேலையா எனக்குத் தெரியல. நத்தத்துல இருந்தும் வேடசந்தூர்ல இருந்தும் மாசா மாசம் மதுரைக்குப் பஸ் ஏறுறது தோள் வலிக்கிற வயசானவங்களால ஆகிற காரியமா? ஆகாதுன்னுதான் பாதிப் பேர் பழைய சீட்டைக் காட்டி அதே அளவை வாங்கிட்டே இருக்காங்க, மீதிப் பேர் நிறுத்திடுறாங்க.

கடைசியா, எல்லாருமே தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய ஒண்ணு. இந்த நோய் இருக்கிறவங்கள்ல சிலருக்குத் தலையில இருக்கிற ரத்தக்குழாய்லயும் அழற்சி வரும். புதுசா ஒரு தலைவலி, தலை சீவும்போது தொட்டாலே வலி, மென்னு சாப்பிடும்போது தாடை வலி, பார்வை மங்கலோ இரட்டையாவோ தெரியுறது. இதுல எது வந்தாலும் அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. போன பார்வை பெரும்பாலும் திரும்பி வராது.

அம்மா இப்ப 3.75-ல இருக்காங்க. ஒரு நாள் 5, மறுநாள் 2.5. எப்ப முழுசா நிக்கும்னு தெரியாது. போன வாரம் சித்தி போன் பண்ணி, "இன்னுமாக்கா அந்த மாத்திரையைத் திங்கிற?"ன்னு கேட்டாங்க. அம்மா, "ஆமா, மெதுவாத்தேன் எறங்கிட்டு இருக்கேன், ஒனக்கென்ன அவசரம்?"னு கேட்டுட்டு போனை வச்சுட்டாங்க. எனக்கும் அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. மேல இருக்கிற மில்லிகிராம் கணக்கெல்லாம் புரிஞ்சுக்கிறதுக்குத்தான், பார்த்துப் போட்டுக்கிறதுக்கு இல்ல. உங்க அளவை உங்க டாக்டர்தான் ஏத்தணும், இறக்கணும். சித்தி இல்ல, நானும் இல்ல.